நிலைக்கு அடியில் 15 மில்லிமீட்டர்

குழு: எங்கட ஆக்கள் – ரொறன்ரோ

நான்: (படம்) கார்பெட் கிழித்தாயிற்று. சனி, ஞாயிறு லமினேட் (மரம் மாதிரித் தெரிகிற தரைப் பலகை) போடலாம் என்று இருக்கிறேன். மொத்தம் ஏழு கதவு நிலை. பலகையை நிலையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவதா, நிலையை அடியில் அறுத்துப் பலகையை உள்ளே தள்ளுவதா? அறுப்பதென்றால் எந்த வாள்?

சித்தப்பா: நிலையைத்தான் அறுக்க வேணும் தம்பி. பலகையை நெளித்து நெளித்து வெட்டினால் எவ்வளவு சிலிக்கன் அடித்தாலும் பல்லிளிக்கும். லமினேட் மிதக்கிற தரை, ஆணியோ பசையோ இல்லாமல் சும்மா படுத்துக் கிடக்கும். வின்டரில் காற்றுக் காய்ந்தால் சுருங்கும், சமரில் ஈரத்துக்கு விரியும். அதற்கு எட்டு, பத்து மி.மீ. இடைவெளி விட வேணும். நிலைக்குக் கீழே தள்ளிவிட்டால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

சித்தப்பா: என்னிடம் ஜாம் சோ கிடக்கு, நிலையை அடியில் அறுக்கவென்றே செய்த மெஷின் வாள். ஆறரை அங்குல வட்ட பிளேட் கிடையாகச் சுற்றும். உயரத்தைப் பூட்டிவிட்டுத் தள்ளினால் ஒரு நிலை ஒரு நிமிடம்கூட எடுக்காது.

அத்தான்: மாமா, அது தொழிலாகச் செய்கிற ஆக்களுக்குச் சரி. உள்மூலைக்குள் வட்டம் போகாது, மிச்சத்தை உளியால்தான் கொத்த வேணும். ஆணியில் பிடித்து உதைத்தால் பழக்கமில்லாத கை தாங்காது. ஏழு நிலைக்கு மல்டி டூல் போதும்.

அக்கா: அதை வாங்கின நாளில் இருந்து இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். பாண் மட்டும் இன்னும் வெட்டவில்லை.

அத்தான்: வெட்டலாம் 😄 மச்சான், அதன் பிளேட் சுற்றாது. இடமும் வலமுமாக மூன்று, நான்கு பாகை அதிரும், வேகத்தைக் கூட்டினால் நிமிடத்துக்கு 20,000 தடவை வரை. அதனால் உதைக்காது. தரையோடு படுக்க வைத்து மூலை வரைக்கும் போகலாம்.

நான்: மெஷின் சரி. பிளேட் எது? கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது.

அத்தான்: முதலில் கொழுவுகிற இடத்தைப் பார். போஷ், ஃபைன் இரண்டு கொம்பனியின் புது மெஷின்களும் ஸ்டார்லொக் என்கிற கொழுவல் முறை. பழைய திறந்த வாய் பிளேட் அதில் உட்காராது. ஸ்டார்லொக்கிலும் சாதாரணம், பிளஸ், மக்ஸ் என்று மூன்று. சாதாரண பிளேட் மூன்று வகை மெஷினிலும் ஏறும். பிளஸ் பிளேட்டைச் சாதாரண மெஷினில் போட முடியாது.

அத்தான்: பிறகு பல்லு. ஜப்பான் பல்லு என்று விற்பது மரத்தை வெண்ணெய் மாதிரி அறுக்கும், ஆனால் ஒரு ஆணி பட்டால் கதை முடிந்தது. பைமெட்டல், அதாவது இரண்டு உலோகம் சேர்த்தது, கொஞ்சம் மெதுவு, சாதாரண ஆணியையும் சேர்த்து அறுத்துவிடும். கார்பைட் பல்லு கடினமான ஸ்குரூவுக்கு, விலையும் அப்படித்தான். உனக்குப் பைமெட்டல், ஒன்றேகால் அங்குல அகலம். ஒடுங்கின பிளேட் நேராகப் போகாது. அரைச்சந்திர பிளேட் நேராகப் போகும், மூலைக்குள் போகாது.

சித்தப்பா: எந்த பிளேட்டானாலும் அமத்தாதே. புகை மணந்தால் நீ அமத்துகிறாய் என்று அர்த்தம். பல்லு நீலம் பாய்ந்தால் அதை எறிய வேண்டியதுதான். மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டி, இடைக்கிடை வெளியே எடுத்துத் தூளைக் கொட்ட விடு.

மாமி: வாளும் கத்தியுமாகவே போகுது. ஞாயிறு மதியம் வேலை செய்கிற ஆக்களுக்கு ஆடா, கோழியா? இப்பவே சொல்லுங்கோ.

சித்தப்பா: ஆடு.

அத்தான்: ஆடு.

தங்கச்சி: அண்ணா, எங்கட கொண்டோ மாடிவீட்டில் நிலை இரும்பு. அதையும் இந்த மெஷினால் அறுக்கலாமா?

சித்தப்பா: வேண்டாம் பிள்ளை. வெளியே பொது நடைகூடத்துப் பக்கத்து நிலையில் தீத்தடுப்பு முத்திரை இருக்கும், அதில் கை வைக்கக் கூடாது. உள்ளறை நிலையும் இரும்பென்றால் விட்டுவிடு. பலகையை வெட்டி, இடைவெளி விட்டு, அதே நிறத்துச் சிலிக்கன் அடி.

நான்: உயரத்தை எப்படி எடுப்பது? பலகை 12 மி.மீ., கீழே விரிக்கிறது 2 மி.மீ.

சித்தப்பா: டேப்பால் அளக்காதே. கீழே விரிக்கிற அண்டர்லேயில் துண்டு ஒன்றை வை, அதன் மேல் வெட்டி மிஞ்சின பலகையைக் கவிழ்த்து வை, மினுக்கம் கீழே இருந்தால் கீறாது. பிளேட்டைப் பலகை மேல் படுக்கப் போட்டு அறு. ஒரு மி.மீ. தளர்வு வேணுமென்றால் நடுவில் அந்தத் தடிப்பில் ஒரு கடதாசி மட்டை. 15 வரும். நிலை, சட்டம், கதவு முட்டுகிற கட்டை மூன்றையும் ஒரே உயரத்தில் அறு.

அக்கா: நில்லுங்கோ. தம்பி, உன் வீடு 1957இல் கட்டினதுதானே? இங்கே 1960க்கு முந்தின வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்கத்தான் வாய்ப்புக் கூட. நீங்கள் எல்லாரும் அதை மாவாக்கிப் பறக்கவிடக் கதைக்கிறீர்கள். சின்னவன் தவழ்கிறான்.

நான்: உரிந்த இடத்தில் வெள்ளைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள் தெரிகிறது.

அக்கா: அடி வரைக்கும் ஒரு துண்டு சுரண்டிப் பையில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பு.

அத்தான்: ஓம், அவள் சொல்வது சரி. அது வரும்வரை மெஷின் வேண்டாம்.

சித்தப்பா: ஈயம் என்று வந்தால் கைவாள்தான். அறுக்கிற கோட்டைத் தண்ணீர் தெளித்து நனை, கத்தியால் கீறு, பிறகு வளைகிற இழுவாளை, இழுக்கும்போது அறுக்கிற மெல்லிய வாள், பலகை மேல் படுக்கப் போட்டு அறு. தூள் பறக்காமல் ஈரமாக விழும். ஒரு நிலைக்குப் பதினைந்து நிமிடம் போகட்டும். மிக நுண்ணிய தூளையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள வக்யூம் வேணும். ஆஸ்பத்திரி மாஸ்க் காணாது, பி100 வடிகட்டி போட்டது வாங்கு.

மாமி: பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடு.

நான்: சரி மாமி. அப்ப சனிக்கிழமை ஹோலில் தூரச் சுவரில் தொடங்கி, கதவுகளுக்கு முன்னால் நிற்பாட்டுகிறேன்.

சித்தப்பா: அப்படிச் செய். இன்னொன்று, கிளிக் பலகையை, ஒன்றின் விளிம்பு மற்றதன் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பூட்டுகிற வகை, சாய்த்துத்தான் பூட்டுவது. நிலைக்கு அடியில் சாய்க்க இடம் இராது. காடியின் கீழ் உதட்டில் ஒரு திரடு இருக்கும், அதை உளியால் சீவிவிட்டு, மரப்பசை பூசி, தட்டையாக உள்ளே தள்ளு. இழுகம்பி, பலகை விளிம்பில் கொழுவித் தட்டுகிற வளைந்த இரும்பு, வைத்துத் தட்டினால் மூட்டுச் சேரும். நிலைக்குக் கீழே வருகிற மூட்டுக்கு மட்டும்தான் இது.

அத்தான்: ஈயம் இல்லை என்று வந்தால் என் மெஷினையே எடு. பிளேட் மட்டும் இரண்டு வாங்கு, ஒன்று எப்படியும் ஆணியில் போகும்.

சித்தப்பா: இழுவாளும் இழுகம்பியும் நான் கொண்டுவாறேன். உளியைத் தீட்டி வை.