அப்பாவுக்கு மலக்குடலில் கட்டி: வயிற்றைத் திறக்காமல் எடுக்க முடியுமா?

பாலக்கோட்டான்:
அப்பாவுக்கு 63. தக்காளி மண்டியில கணக்கு எழுதுறவர். ஆறு மாசமா மலத்தோட ரத்தம். மூலம்னு அவரே முடிவு பண்ணி துத்தி இலையை வதக்கித் தின்னுட்டிருந்தார். கொலனோஸ்கோபியில ஆசனவாயிலிருந்து 7 செ.மீ. உள்ள, 3 செ.மீ. கட்டி. பயாப்ஸியில புற்று இல்ல, அடினோமா, அதாவது புற்றல்லாத கட்டின்னு வந்திருக்கு. ஒரு டாக்டர் வயித்தைத் திறக்கணும், மலம் வெளிய வர வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்ங்கிறார். இன்னொருத்தர் கீழ வழியாவே எடுக்கலாம்ங்கிறார். "பையோட மண்டியில எப்படிடா உக்காருவேன்"னு அப்பா ராத்திரியெல்லாம் தூங்கல.

ஓசூர் நர்ஸ்:
ரெண்டாமவர் சொல்றது டெம் (TEM) இல்லன்னா டாமிஸ் (TAMIS). ரெண்டும் ஆசனவாய் வழியா கட்டியை எடுக்குற முறை. டெம் 1980-கள்ல ஜெர்மனியில கெர்ஹார்ட் பூயஸ் கொண்டுவந்தது. 4 செ.மீ. அகலக் குழாயை விட்டு, கார்பன் டை ஆக்சைடு ஊதி குடலை விரிச்சு, சுவரோட முழு ஆழத்துக்கும் வெட்டி எடுத்துத் தைப்பாங்க. டாமிஸுக்கு வழக்கமான லேப்ராஸ்கோபி (சின்னத் துளை ஆபரேஷன்) கருவியே போதும். ஆனா தம்பி, பயாப்ஸிங்கிறது ஒரு கிள்ளுதான். முழுக் கட்டியையும் பார்த்தாத்தான் நிச்சயம். புற்று ஆழமா இறங்கியிருந்தா பெரிய ஆபரேஷன்தான், புற்று பரவக்கூடிய நிணநீர் கணுக்களை இந்த வழியில சரியா எடுக்க முடியாது. எம்ஆர்ஐ எடுத்தாச்சா?

காவேரிப்பட்டணம் அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கு சேலத்துல இப்படித்தான் கீழ வழியா எடுத்தாங்க. மூணாம் நாள் ஊர் திரும்பறப்ப தொப்பூர் மலைப்பாதையில பஸ் குலுங்கினப்ப வலியில என் கையை இறுக்கிப் பிடிச்சார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் வாயுவை அடக்க முடியல. அதை டாக்டர்கிட்ட சொல்லத்தான் வெக்கம்.

பாலக்கோட்டான்:
எம்ஆர்ஐ நாளன்னிக்கு. துத்தியை நிறுத்தினதுக்கு அப்பாவுக்கு இப்ப என்கூட பேச்சுவார்த்தை இல்ல.