சீனாய் மலை: அம்மாவை எதுவரை அழைத்துப் போகலாம்?

வரும் பிப்ரவரியில் எங்கள் சபையிலிருந்து 38 பேர் திருநாட்டுப் பயணம் போகிறோம். அம்மான், நேபோ மலை, எரிகோ, எருசலேம், பெத்லகேம், அப்புறம் தாபா எல்லை தாண்டி எகிப்து. சிக்கல் சீனாய் மலையில்தான். அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து 14 மாதம் ஆகிறது. சமதளத்தில் நன்றாக நடப்பார். மாடிப்படி என்றால் இருபதாவது படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவார்.

நள்ளிரவுக்கு மேல் புனித கத்தரீன் மடத்துப் பக்கமிருந்து ஏறத் தொடங்கி, சூரிய உதயத்துக்கு 2,285 மீட்டர் உச்சியில் இருப்பது திட்டம். ஒட்டகப் பாதை முடிந்த பிறகும் சுமார் 750 கற்படிகள். அது தன்னால் முடியாது என்று அம்மாவே சொல்கிறார். ஆனால் மோசே ஏறிய மலையில் பாதியாவது ஏற வேண்டுமாம். எனக்கும் அந்த ஆசைதான். கம்பளிக் குல்லாவும் முழங்கால் உறையும் இப்போதே பையில் ஏறிவிட்டன.

பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "ஹோட்டலிலேயே தூங்கட்டும்" என்று முடித்துவிட்டார். மருத்துவர் ஒட்டகம் ஏறலாம் என்றார், அது எழும்போதும் உட்காரும்போதும் வரும் குலுக்கல்தான் பயமாம். காணொளிகள் பார்த்தேன், எல்லாம் இளைஞர்கள் எடுத்தவை. முன்பு போய் வந்த சபையார் யாரும் ஒட்டகத்தில் ஏறவில்லை.

போனவர்கள் சொல்லுங்கள்: ஒட்டகப் பாதை முடியும் இடத்துத் தேநீர்க் குடிசையில், மற்றவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்பும்வரை அம்மாவும் நானும் அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க முடியுமா?