மறு: ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் – ‘மூட்டுநலிவு’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம். ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் என்னும் மூட்டு நோய்க்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘மூட்டுத் தேய்மானம்’ என்று ஊரே சொல்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, ஊர் அப்படிச் சொல்வதுதான் எனக்குக் கவலை. நான் இயன்முறை மருத்துவர். முழங்கால் வலியோடு வருகிறவர்கள் பலர், “தேஞ்சு போச்சுங்க, அதான் நடக்கறதையே விட்டுட்டேன்” என்கிறார்கள். செருப்பு தேய்ந்தால் போடாமல் வைத்துவிடுவோமே, காலையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அம்மாவும் அதைத்தான் செய்தார். ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, ‘தேய்மானம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா மாடி ஏறவில்லை. ஆறே மாதத்தில் தொடைச் சதை வற்றி, நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழ முடிந்தது.

மூட்டுக்குள் நடப்பது வெறும் தேய்தல் இல்லை. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விடுபட்டு, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது. வலி கிளம்புவது அடியிலுள்ள எலும்பிலும் சுற்றியுள்ள சவ்விலும் உறையிலும். ஓரங்களில் புது எலும்பு முளைப்பதும் உண்டு. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலில் வலி குறைவாக இருப்பதையும் பார்க்கிறோம்.

‘கீல்வாதம்’ நல்ல பழஞ்சொல். ஆனால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கௌட்டுக்கும் அதையே சொல்கிறார்கள், பொதுவாக எல்லா மூட்டுவலிக்கும் சொல்கிறார்கள். ‘என்புமூட்டழற்சி’ ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. அழற்சி, அதாவது வீங்கிச் சூடாவது, இதிலும் கொஞ்சம் உண்டு என்றாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தைப் போல அதுவே தலைமை வகிப்பதில்லை. காலையில் எழுந்ததும் இருக்கும் மூட்டு விறைப்பும் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ஜெர்மன்காரர்கள் அழற்சியைக் குறிக்கும் விகுதியே இல்லாமல் ‘ஆர்த்ரோஸ’ என்கிறார்கள். நமக்கும் அந்த வழி உண்டு.

என் பரிந்துரை: மூட்டுநலிவு. முழங்கால் மூட்டுநலிவு, இடுப்பு மூட்டுநலிவு என்று தடங்கலில்லாமல் சேரும்.

> ‘நலிவு’ என்றால் நோயாளி இன்னும் சோர்ந்துவிட மாட்டாரா?

நியாயமான கேள்வி, சகோதரி. ஆனால் நலிந்த உடம்பு தேறும் என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. அம்மாவிடம் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்: “மூட்டு நலிஞ்சிருக்கும்மா, தேத்திடலாம்.” காலை நீட்டி உட்காரவைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணச் சொன்னேன். முதல் வாரம் துண்டு அசையவே இல்லை. அப்புறம் மெல்ல அமுங்கியது. வலி மிகுந்த நாளில் மேலே தடவும் டைக்லோஃபினாக் ஜெல். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறையும் என்றதும், சாயங்கால பஜ்ஜியை அவரே நிறுத்தினார். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார்.

சரி, இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. இதே நோயில் விரல் நுனி மூட்டுகளில் வரும் கெட்டியான புடைப்பை ‘கணுப்புடைப்பு’ எனலாமா? ‘விரற்கணு’ என்றால் மூட்டையே குறித்துவிடும் என்று தயங்குகிறேன்.