கார்னே ஆவணத்துக்கு ‘ஊர்திப் பிணையேடு’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நெடுந்தொலைவுப் பயணத்தின் நடுவே மோட்டார் சைக்கிளைக் கடல் கடந்து அனுப்புவது தொடர்பான சொற்களுள், ‘கார்னே’ எனப்படும் சுங்க ஆவணத்துக்கு ‘வண்டிக் கடவுச்சீட்டு’ என்னும் சொல் இங்கு முன்வைக்கப்பட்டது. கேட்டவுடன் விளங்கும் சொல்தான். ஆயினும் அந்த ஆவணத்தின் வேலை என்ன என்பதை அது மறைத்துவிடுகிறது. அதனால் ‘ஊர்திப் பிணையேடு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

கடவுச்சீட்டு, ஒருவர் யார், எந்நாட்டவர் என்பதற்கான சான்று. கார்னேயோ, இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே வரும் வண்டி உரிய காலத்தில் வெளியேறாவிட்டால் அந்த வரிக்குத் தாங்கள் பொறுப்பு என்று ஊர்திக் கழகங்கள் (ஆட்டோமொபைல் சங்கங்கள்) அளிக்கும் பிணை. தனியார் ஊர்திகளின் தற்காலிக இறக்குமதி குறித்து 1954இல் நியூயார்க்கில் உருவான சுங்க உடன்படிக்கை இம்முறைக்கு அடித்தளமாக உள்ளது. கழகமும் இப்பொறுப்பை வெறுங்கையோடு ஏற்பதில்லை. பயணியிடமிருந்து வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ பெற்றுக்கொண்ட பிறகே ஏட்டைத் தருகிறது.

‘சீட்டு’ என்பதைவிட ‘ஏடு’ பொருந்துவதற்கும் காரணம் உண்டு. இது ஒற்றைத் தாள் அன்று. ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகள் கொண்டது: வண்டி நுழையும்போது சுங்க அதிகாரி கிழித்துக்கொள்ளும் துண்டு, வெளியேறும்போது கிழித்துக்கொள்ளும் துண்டு, ஏட்டிலேயே தங்கிவிடும் அடிக்கட்டை. அடிக்கட்டையில் நுழைவு முத்திரையும் வெளியேற்ற முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அந்த நாட்டுடனான கணக்கு முடியும். ஆகவே, ‘நுழைவுத் துண்டு’, ‘வெளியேற்றத் துண்டு’, ‘அடிக்கட்டை’ என்று உறுப்புகளுக்கும் பெயர் வைத்துவிடலாம். கடைசிச் சொல் காசோலைப் புத்தகத்தால் ஏற்கெனவே பழகியது.

வண்டியை ஓட்டிக்கொண்டே எல்லையைக் கடப்பவருக்கு முத்திரை விடுபடும் வாய்ப்புக் குறைவு, ஏனெனில் அதிகாரியும் வண்டியும் ஏடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கப்பலில் அனுப்பும்போதுதான் சிக்கல் வருகிறது. பயணி வண்டியை முகவரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். வண்டி மரக்கூட்டுக்குள் அடைக்கப்பட்டுக் கொள்கலனுக்குள் போய்விடுகிறது. துறைமுகச் சுங்கத்தில் வெளியேற்றத் துண்டைக் கிழித்து முத்திரையிட வைக்க வேண்டும் என்பது எவர் நினைவிலும் இல்லாமல் போகலாம். அப்படியானால், கப்பல் மறுகரை சேர்ந்த பின்னும் கோப்பின்படி வண்டி பழைய நாட்டிலேயே நிற்கிறது. வரிக் கோரிக்கை கழகத்துக்கு வரும். கழகம் பயணியின் வைப்புத்தொகையில் கைவைக்கும். ‘கடவுச்சீட்டு’ என்று பழகியவர் இம்முத்திரையை ஒரு சம்பிரதாயமாகக் கருத இடமுண்டு. ‘பிணை’ என்று கேட்டவரோ, அதிலிருந்து விடுபட ஏதோ செய்தாக வேண்டும் என்று தாமே உணர்வார். ‘பிணை’ நீதிமன்றச் சொல் ஆயிற்றே என்ற மறுப்பை நான் இதனால்தான் பொருட்படுத்தவில்லை. அந்த வாடை இங்கே நன்மையே செய்கிறது.

எல்லா நாடுகளும் இந்த ஏட்டைக் கேட்பதில்லை என்பதையும் கருத வேண்டும். பான்-அமெரிக்க நெடுஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே தாரியேன் காட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. அளவுக்கு அறுபட்டுக் கிடப்பதால், அங்கே வண்டியை விமானத்திலோ கப்பலிலோதான் அனுப்ப வேண்டும். ஆனால் அவ்விரு நாடுகளிலும் சுங்கத்தார் வழங்கும் தற்காலிக இறக்குமதி அனுமதியே போதுமானது. அனுமதி என்ற சொல் அதற்கே உரியது. ‘பிணையேடு’ என்ற சொல்லால் இன்னொரு பயன்: பொருட்காட்சிப் பொருள்களுக்கும் தொழிற்கருவிகளுக்கும் உரிய ஏ.டி.ஏ. கார்னேயையும், முத்திரையிட்ட லாரிச் சரக்குக்கான டி.ஐ.ஆர். கார்னேயையும் ‘பொருட் பிணையேடு’, ‘சரக்குவழிப் பிணையேடு’ என்று ஒரே குடும்பமாக அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இங்கு முன்வைக்கப்பட்ட அதே சொற்களுள், விமானச் சரக்கில் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடைக்கு ‘கன எடை’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘கனம்’ எடையையும் குறிக்கும், மும்மடி அளவையும் குறிக்கும் என்பதால் இது குழப்பும். ‘பரும எடை’ தெளிவானது. 2.2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள மரக்கூட்டின் பரும எடை, 6000 கன சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்ற வழக்கமான கணக்கில் 396 கிலோ ஆகிறது. முன்சக்கரம், கைப்பிடி, காற்றுத் தடுப்பு ஆகியவற்றைக் கழற்றி 1.9, 0.8, 1.0 மீட்டருக்குள் அடக்கினால் அது ஏறத்தாழ 253 கிலோவாகக் குறைகிறது. உண்மை எடை, பரும எடை இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம் என்பதால், இச்சொல் பயணிக்கு நேரடியாகப் பணம் மிச்சப்படுத்தும் சொல்.

‘மரக்கூடு’ பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை என நினைக்கிறேன். இடைவெளி விட்டு அறையப்பட்ட சட்டங்களால் ஆனதைப் ‘பெட்டி’ என்பது பொருந்தாது. அதன் மரம், பூச்சிகளை அழிப்பதற்காக நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரையைத் தாங்கியிருப்பின், அதை ‘வெப்பமூட்டிய மரம்’ என்று எளிமையாகவே எழுதலாம்.

வெளியேற்ற முத்திரை விடுபட்டுப்போனால், வண்டி வேறிடத்தில் இருப்பதைப் பின்னர் உறுதிப்படுத்தி அதிகாரி ஒருவர் ஒப்பமிடும் பக்கத்துக்கு ‘இருப்பிடச் சான்று’ என்று எழுதிவருகிறேன். ஆனால் அச்சொல் ஆட்களின் முகவரிச் சான்றோடு கலந்துவிடுகிறது. ‘ஊர்தி இருப்புச் சான்று’ என்றால் கையிருப்பு என்ற பொருள் தலைகாட்டுகிறது. இதற்குத் தக்க சொல்லை அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.