புதுப்பிப்பு: முதுகுப் பிடி இப்போது நிற்கிறது

பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற பிடிச் சண்டையில், முதுகை எடுத்த பிறகும் (எதிராளியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்த பிறகும்) அவர் தோளைப் பாயில் ஊன்றித் தப்பிவிடுகிறார், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். கால் கொக்கியை (அவர் தொடைக்குள் மாட்டும் பாதத்தை) நம்பாதே, மார்பை அவர் முதுகில் ஒட்டு என்று பலரும் சொன்னீர்கள். சரியான பேச்சு.

ஈரோட்டில் எங்களோடு பழகும் மஞ்சள் மண்டி அண்ணன் மேல்தான் சோதனை. மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு. பிடித்து வைப்பது லேசில்லை. சீட்பெல்ட் பிடியில் ஒரு கை அவர் தோளுக்கு மேல், மற்றது அக்குளுக்குக் கீழ். அக்குள் வழியாக வந்த கை, கழுத்துப் பக்கத்துக் கையை மூடிக் காக்கிறது. காதோடு காது ஒட்டி, நெரிக்கும் கை இருக்கும் பக்கமாகவே சாய்கிறேன். மறுபக்கம் சாய்ந்தால் அவருக்குக் கொண்டாட்டம். இடுப்பை நழுவவிட்டு எழப் பார்த்தால் நானும் மார்பை ஒட்டியபடியே கூடப் போகிறேன். "என்ன கண்ணு, அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டாயே!" என்று அலுத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்.

கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றி முக்கோணமாகப் பூட்டச் சொன்னவருக்கு: பிடி இறுகுகிறது, ஆனால் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி முதுகுப் பிடிக்கான 4 புள்ளி கிடைக்காது. இரண்டு கொக்கிகளும் தொடையின் உட்புறம் 3 விநாடி நிற்க வேண்டும். கணுக்கால்களைக் குறுக்கே போட்டால் எதிராளியே நம் கணுக்காலில் பூட்டுப் போட்டுவிடுவார்.

கழுத்து நெரிப்பு இன்னும் கைகூடவில்லை. அண்ணன் மோவாயை இறக்கியதும் என் கை தாடையிலேயே நின்றுவிடுகிறது. தாடையை நசுக்காமல் கையை உள்ளே செலுத்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.