மறு: ‘வளர்ச்சித் தடை’ வேண்டாம், ‘உருத்தளை’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். கரு உருவாகும் முறையே ஓர் உயிரினத்தின் உடல் எப்படியெல்லாம் மாறலாம் என்பதற்கு எல்லை போடுகிறதே, அந்த developmental constraint-க்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு.

> வளர்ச்சித் தடை என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வளர்ச்சித் தடை என்றதும் உயரம் கூடாத குழந்தைதான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது வேறு. ஒட்டகச்சிவிங்கி, சுண்டெலி, திமிங்கலம் எல்லாவற்றுக்கும் கழுத்தெலும்பு 7தான். ஒட்டகச்சிவிங்கி ஒவ்வொன்றையும் ஒரு சாணுக்கு மேல் நீட்டிக்கொண்டதே தவிர, எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. அன்னத்துக்கோ 20க்கு மேல்!

பாலூட்டிகளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? கருவைப் பார்க்க வேண்டும். எந்த முள்ளெலும்பு கழுத்துக்கு, எது மார்புக்கு என்று பிரித்துவிடுவது ஹாக்ஸ் மரபணுக்கள். அவற்றுக்கு அதே நேரத்தில் வேறு வேலைகளும் உண்டு. எண்ணிக்கையில் கைவைத்தால் அவையும் குலையக்கூடும். மனிதரில் ஏழாம் கழுத்தெலும்பில் விலா முளைப்பது, இறந்தே பிறக்கும் சிசுக்களிடம் மிக அதிகம். ஆக, மாற்றம் தோன்றாமலில்லை, தோன்றியது தங்குவதில்லை. கடற்பசு வகையான மானட்டியும் (6) மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தும்தான் தப்பித்தவை.

‘கட்டுப்பாடு’ என்றால் யாரோ மேலே உட்கார்ந்து ஆணையிடுவதுபோல் இருக்கிறது. ‘கரு’வையும் ‘தடை’யையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ‘தளை’. கால்விலங்கு என்ற பொருளை விடுங்கள், யாப்பைப் பாருங்கள்; அங்கே ஒரு சீரோடு அடுத்த சீர் சேரும் முறைதான் தளை. மாச்சீரை அடுத்து நிரை வந்தால் வெண்பா நிற்கும், நேர் வந்தால் உடையும். தளை புலவரின் வாயை அடைப்பதில்லை. அடுத்து எது வரலாம் என்று மட்டும் சொல்கிறது. கருவும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். கங்காருக் குட்டி பிறக்கும்போது 1 கிராம்கூட இருக்காது. பின்னங்கால்கள் வெறும் மொட்டு. முன்னங்கைகளால் தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பைக்குள் போய்ச் சேர வேண்டும்; அதற்காகத் தோளும் கைகளும் முந்திக்கொண்டு உருவாகின்றன. பற்றி ஏற வேண்டிய கை சிறகாகவோ துடுப்பாகவோ மாறிவிட்டால் குட்டி எப்படி ஏறும்? “இந்த உருத்தளையால்தான் பையுள்ள பாலூட்டிகளில் வௌவாலோ திமிங்கலமோ தோன்றவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு.” உறுத்தவில்லையே?

முன்னொட்டில்தான் எனக்குத் தயக்கம். ‘கருவுருத்தளை’ இன்னும் துல்லியம், ஆனால் நாக்கு தடுக்குகிறது. அதை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், தளையை விடமாட்டேன்.

பி.கு.: ஸ்லாத்தைத் ‘தேவாங்கு’ என்று எழுதியிருந்தார் ஒருவர். அது வேறு விலங்கு, ஐயா.