ஜிபி விலையைக் கடைசியாப் பாருங்கோ: கொழும்புப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்கு டேட்டா சிம் எடுப்பவர்களின் அனுபவப் பகிர்வு

கொள்ளுப்பிட்டி அண்ணை:

டிக்கெட் போட்ட அன்றே எல்லாரும் கேட்பது "எந்த சிம் மலிவு?" என்றுதான். முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கிற போன். *#06# அழுத்துங்கோ. ஐஎம்ஈஐ என்ற போனின் அடையாள இலக்கங்களோடு ஈஐடி என்று 32 இலக்கத்தில் ஒரு வரியும் வந்தால் அந்தப் போனில் இசிம் (கையில் போடுகிற அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றுகிற சிம்) போடலாம். வரவில்லையென்றால் இசிம் விளம்பரங்களைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காதேங்கோ, உங்களுக்குப் பிளாஸ்டிக் சிம்தான்.

கொழும்பில் லிபர்ட்டி பிளாசாவிலும் மெஜஸ்டிக் சிட்டியிலும் ஐபோன் வாங்குபவர்கள் அது எந்த நாட்டுக்குச் செய்த மொடல் என்று கேட்டு வையுங்கோ. அமெரிக்காவுக்கென்று செய்த 14 முதல் சிம் தட்டே இல்லை, இசிம் மட்டும். சீனாவுக்கென்று செய்த 14, 15 இரண்டிலும் நேர்மாறு: இரண்டு பிளாஸ்டிக் சிம் போகும், இசிம் ஏறாது. இது தெரியாமல் இசிமுக்குக் காசு கட்டினால் அந்தக் காசு திரும்பி வருவது கஷ்டம்.

அடுத்தது லொக், அதாவது ஒரு கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கிற மாதிரிப் போனுக்குப் போட்ட பூட்டு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய்க் கீழே கேரியர் லொக் என்ற வரியைப் பாருங்கோ. "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருக்க வேணும். சொந்தக்காரர் அனுப்பின போன் என்றால் நாடும் வருஷமும் முக்கியம். கனடாவில் 2017 டிசம்பரில் இருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரில் இருந்தும் லொக் போட்டு விற்கத் தடை. அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன் இப்பவும் லொக்கோடுதான் வரும். அண்ட்ரொயிட் என்றால் வேறு கம்பனி சிம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கோ. ஆனால் ஒரு விஷயம்: இங்கே டயலொக்கும் மொபிட்டலும் வேலை செய்தால் லொக் இல்லை என்று அர்த்தம், ஆனால் இசிமும் ஏறாமல் சிம் போடுகிற இடமும் ஒன்றுதான் என்றால் அடுத்த பிரச்சினை தொடங்கும். ஊர் சிம்மை, அதாவது நம்ம இலங்கை சிம்மைக் கழற்ற வேண்டி வரும்.

வெள்ளவத்தை அக்கா:

அண்ணை கடைசியாச் சொன்னதுதான் எல்லாத்திலும் பெரிய விஷயம். ஊர் சிம்மைக் கழற்றாதேங்கோ. வங்கி ஓடிபி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். சிங்கப்பூரில் நின்று ஹோட்டலுக்குக் கார்ட் போடுற நேரம் ஓடிபி வராட்டி, கையில் எத்தனை ஜிபி இருந்தும் ஒண்டும் செய்யேலாது.

அதனால் ரெண்டு சிம்மும் ஒரே நேரத்தில் உயிரோட இருக்க வேணும். ஊர் சிம்மில் ரோமிங் சேவையை (வெளிநாட்டுக் கம்பனியின் நெட்வொர்க்கில் நம்ம சிம் ஓடுறது) கொழும்பில் நிக்கிறபோதே போடுங்கோ, ப்ரீபெய்ட் என்றால் மீதியில் கொஞ்சக் காசும் வையுங்கோ. வெளியில் போனபிறகு போடலாம் என்றால், அதுக்கே ஒரு ஓடிபி கேட்கும். பொதுவா வாற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. வாற அழைப்பை எடுத்தால் காசு. எடுக்காமல் விட்டாலும், வொயிஸ்மெயிலுக்குத் திருப்பி விட்டிருந்தால் அழைப்பு ஒருமுறை அங்கே வந்து, மறுபடி கொழும்புக்கே திரும்பும், அந்த ரெண்டு வழிக்கும் கட்டணம் விழலாம். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ஒரேயடியா நீங்கும். விமானம் ஏற முந்திச் செய்யுங்கோ.

இனி செட்டிங்ஸ். இதில்தான் சனம் மாட்டுப்படுறது.

ஊர் சிம்: டேட்டா ரோமிங் ஓஃப். பயண இசிம்: டேட்டா ரோமிங் ஓன். "ரோமிங் போட்டால் காசு போகும்" என்ற பயத்தில் ரெண்டையும் ஓஃப் பண்ணிவிட்டு, இசிம் வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு போடுறவைதான் கனபேர். பயண இசிம்மில் கூடுதலானவை இன்னொரு நாட்டுக் கம்பனியின் சிம். போற நாட்டில் அது தானே ஒரு ரோமிங் சிம்தான். ரோமிங்கை மூடினால் அது வாயே திறக்காது.

ஐபோனில் இன்னொரு பொறி இருக்கு. மொபைல் டேட்டா பக்கத்தில் "அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்" என்று ஒரு பொத்தான். அது ஓனில் கிடந்தால், பயண சிம்மில் சிக்னல் குறைகிற நேரம் போன் தன் பாட்டில் ஊர் சிம்முக்குத் தாவும். அதை ஓஃப் பண்ணுங்கோ. சிம் ரெண்டுக்கும் "ஊர்", "பயணம்" என்று பெயரும் வையுங்கோ. போன் தானாக வைக்கிற பெயர்கள் அவசரத்தில் குழப்பும்.

புது சிம் போட்டதும் ஐபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜ் தன்னைப் பதிய ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ்ஸைச் சத்தமில்லாமல் அனுப்பும். சின்னக் காசுதான், ஆனால் மீதி எங்கே போனது என்று பிறகு தேடுவியள்.

தெகிவளைத் தம்பி:

வாட்ஸ்அப் "இலக்கத்தை மாற்றவா?" என்று கேட்கும். மாற்றாதேங்கோ. பழைய இலக்கத்திலேயே புது டேட்டாவில் ஓடும்.

கொள்ளுப்பிட்டி அண்ணை:

அக்கா சொன்னதோடு ஒன்று. போக ரெண்டு நாள் இருக்கிறபோது ஊர் சிம்மை இசிம்முக்கு மாற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கினம். எனக்கு அது சரியாகப் படவில்லை. போன் விழுந்து உடைந்தால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போடலாம். இசிம் என்றால், சேவை நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போ என்பார்கள். நிலையம் இருப்பது கொழும்பில், நீங்கள் நிற்பது பாரிஸில்.

கொட்டாஞ்சேனை (இந்தியா அடிக்கடி போறவர்களுக்கு):

சென்னை, திருச்சி, மதுரைக்கு இசிம் மட்டும் கொண்டு போனால் முக்கால்வாசி வேலை நடக்கும். மிச்சக் கால்வாசிக்குத்தான் இந்திய இலக்கம். அங்கே பல இடங்களில் ஓடிபியை இந்திய இலக்கத்துக்குத்தான் அனுப்புவார்கள், விமான நிலைய இலவச வைஃபையும் இதில் சேர்த்தி. டேட்டா மட்டும் உள்ள இசிம்முக்கு இலக்கமே இல்லை. ஆட்டோக்காரர் "எங்க சார் நிக்கிறீங்க?" என்று எடுத்துக் கேட்க வழியில்லை. ஊபரை இலங்கை இலக்கத்திலேயே ஓட்டலாம், ஓட்டுநரோடு அதற்குள்ளேயே எழுதிப் பேசுங்கோ.

ஒரு கிழமைக்கு மேல் நிற்பவர்கள் அங்கேயே சிம் எடுப்பது நல்லம். கொண்டு போக வேண்டியவை: கடவுச்சீட்டு, விசாவின் அச்சுப்பிரதி, பாஸ்போர்ட் அளவுப் படம், தங்கும் இடத்து முழு விலாசம், அங்கே தெரிந்த ஒருவரின் இந்திய இலக்கம். இந்தியர்களுக்கு இருக்கிற ஆதார் (அடையாள இலக்கம்) வழி நமக்கு இல்லை. வெளிநாட்டவர் பதிவு வேறு, அதைச் செய்யத் தெரியாத சின்னக் கடைக்காரர் உங்களை இன்னொரு கடைக்கு அனுப்புவார். அதனால் தெருமுனைக் கடையை விட்டுவிட்டு விமான நிலையக் கவுண்டருக்கோ கம்பனியின் சொந்தக் கடைக்கோ போங்கோ. சிம் உடனே உயிர் பெறும் என்று எண்ண வேண்டாம். சில மணித்தியாலம் எடுக்கும், சிலவேளை அடுத்த நாள்தான் வரும். அந்த இடைவெளிக்கு 1 ஜிபி இசிம் ஒன்று கையில் இருந்தால் போதும்.

ஜியோ எடுக்கிறவர்கள் கவனம்: அதில் 2ஜி, 3ஜி இரண்டும் இல்லை. வோல்ட்டி (4ஜி வழியாகப் போகிற குரல் அழைப்பு) இல்லாத பழைய போனில் சாதாரண அழைப்பு போகாது. அம்மா அப்பாவுக்குப் பட்டன் போன் கொண்டு போகிறவர்கள் சிங்கப்பூரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கோ. அங்கே 2ஜி 2017 இலும், 3ஜி 2024 இலும் மூடியாச்சு. கோயில் யாத்திரையோடு காஷ்மீரும் பார்க்கத் திட்டமென்றால், தமிழ்நாட்டில் எடுத்த ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் எடுபடாது.

புறக்கோட்டை:

துபாயில் உள்ளூர்க் கம்பனியின் சிம் போட்டால் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைப்பு மட்டும் போகாது. சீனாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் முழுசாவே இல்லை. குவாங்சோ, யீவூ என்று சாமான் எடுக்கப் போறவைக்கு இது வியாபாரப் பிரச்சினை. படத்தை அனுப்பி ஓடரை உறுதிப்படுத்த வழி வேணுமே.

வெளிநாட்டு சிம்மை ரோமிங்கில் போட்டால் இவை ஓடும். ஏன் என்றால், அதன் டேட்டா நிக்கிற நாட்டில் இணையத்துக்குள் இறங்காது. சிம் எந்தக் கம்பனியுடையதோ அங்கே சுரங்கம் மாதிரிப் போய், அங்கேயிருந்துதான் இணையத்துக்குள் இறங்கும். அதனால் சீனாவுக்கு உள்ளூர் சிம்மைவிட வெளிநாட்டு இசிம் அல்லது நம்ம ஊர் ரோமிங் நல்லம். இதுக்கு ஒரு விலையும் உண்டு: சுத்திப் போறதால் வேகம் கொஞ்சம் தள்ளாடும், கூகுள் நீங்கள் வேறு நாட்டில் நிற்கிறதா நினைக்கும், வங்கி செயலி சந்தேகப்பட்டுக் கதவை மூடவும் கூடும்.

உம்ராவுக்குப் போறவைக்கு: சவூதியில் சிம் பதியக் கைரேகை கேட்பினம். ஒருத்தர் போய் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கேலாது.

பம்பலப்பிட்டி அக்கா:

ஐரோப்பா. பாரிஸில் தங்கச்சி, சூரிச்சில் மச்சாள், ஜெர்மனியில் சித்தப்பா என்று ஒரே பயணத்தில் மூன்று வீடு போகிறவர்கள் சுவிஸில்தான் அடிபடுவது. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் மேலதிகக் கட்டணம் இல்லை. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டனும் இப்போது இல்லை. பிரான்சில் எடுத்த சிம்மில் சுவிஸ் சேருமா இல்லையா என்பது கம்பனியின் தயவு. "ஐரோப்பா" என்ற தலைப்பை நம்பாமல் நாடுகளின் பட்டியலைத் திறந்து சுவிட்சர்லாந்தைக் கண்ணால் பாருங்கோ.

பாசலும் ஜெனீவாவும் எல்லையில் இருக்கிற ஊர்கள். பிரான்ஸ் பக்கத்தில் நின்றாலும் போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடிக்கும். அங்கே நெட்வொர்க் தெரிவைத் தானியக்கத்தில் விடாமல் கையால் ஒன்றைத் தெரிந்து வையுங்கோ.

ஜெர்மனியில் 2017 ஜூலையில் இருந்து ப்ரீபெய்ட் சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு உண்டு. பிரிட்டனில் ப்ரீபெய்டுக்குப் பதிவே இல்லை, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிப் போடலாம்.

வெள்ளவத்தை அக்கா:

எத்தனை ஜிபி என்று கேட்கிறவைக்கு, உத்தேசக் கணக்கு. வாட்ஸ்அப் குரல் அழைப்பு மணிக்கு 30 எம்பி அளவு. வீடியோ அழைப்பு மணிக்கு 300. வழிகாட்டும் வரைபடம் மணிக்கு 5 எம்பி கூடப் பெரும்பாலும் வராது. யூடியூப் மணிக்கு 480 தரத்தில் அரை ஜிபி, 1080 தரத்தில் ஒன்றரைக்கு மேல். அதாவது பேரப்பிள்ளையின் முகம் பார்க்கிற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்றால், பத்து நாளைக்கு 1.5 ஜிபி. 3 ஜிபி எடுத்தால் தாராளம். ரீல்ஸ் பார்க்கிற மகனுக்கு 20 ஜிபியும் பத்தாது.

அதுக்கு மேல் தெரியாமல் குடிக்கிறது வேறு: கூகுள் போட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் தானாக இறங்குகிற வீடியோக்கள், செயலி அப்டேட். மூன்றையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கோ.

"அன்லிமிட்டட்" என்பதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு நாள் அளவு இருக்கும். அது முடிந்ததும் வேகத்தை 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினால், செக்கனுக்கு 16 கிலோபைட். 1 எம்பி படம் ஒன்று போக ஒரு நிமிஷம். எழுதிப் பேசலாம், வரைபடம் திறக்க மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால் கணக்கோட 10 ஜிபி தாற சிம் அன்லிமிட்டடைவிட நேர்மையானது.

"7 நாள்" என்பதையும் கேளுங்கோ: இசிம்மை ஏற்றின நேரத்தில் இருந்தா, முதல் நெட்வொர்க் பிடித்ததில் இருந்தா? 24 மணியா, நாட்காட்டி நாளா? நாட்காட்டி நாள் என்றால் இரவு 11 மணிக்கு இறங்கினவருக்கு அந்த ஒரு மணித்தியாலமே முதல் நாள். பல நாட்டு இசிம் என்றால் தோஹாவில் விமானம் மாறுகிற ரெண்டு மணித்தியாலத்திலேயே நாள் ஓடத் தொடங்கலாம். போற நாட்டில் இறங்கும்வரை அந்த லைனை ஓஃப் பண்ணி வையுங்கோ.

தெகிவளைத் தம்பி:

இசிம் ஏற்றும் முறை. முதல் நாள் இரவு, வீட்டு வைஃபையில். ஐபோன்: செட்டிங்ஸ், மொபைல் டேட்டா, அட் இசிம். சாம்சங்: செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், சிம் மனேஜர், அட் இசிம். கியூஆர் மின்னஞ்சலில் வரும். ஸ்கேன் பண்ண வேண்டிய போனிலேயே கியூஆர் இருந்தால் எப்படி ஸ்கேன் பண்ணுறது? வீட்டில் இன்னொருவரின் போனுக்கு அனுப்புங்கோ, இல்லாட்டி அச்சடியுங்கோ. ஐஓஎஸ் 17.4 அல்லது அதுக்குப் பிந்தின ஐபோனில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே "அட் இசிம்" வரும். கார்ட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கா என்று முதலிலேயே வங்கி செயலியில் பாருங்கோ, கட்டுநாயக்கவில் வரிசையில் நின்று பார்க்கிற வேலையில்லை.

இறங்கினபிறகு சிக்னல் கோடு இருக்கு, இணையம் இல்லை என்றால், இந்த ஒழுங்கில்: அந்த லைனில் டேட்டா ரோமிங் ஓனா? டேட்டாவுக்குத் தெரிந்த லைன் அதுதானா? ஏபிஎன் (கம்பனியின் இணைய வாசலின் பெயர்) சரியா? மின்னஞ்சலில் தந்த ஏபிஎன்னை அப்படியே அடியுங்கோ, கடைசியில் ஒரு இடைவெளி விழுந்தாலும் ஓடாது. பிறகு நெட்வொர்க்கைக் கையால் மாற்றிப் பாருங்கோ, பட்டியலில் ஒரு கம்பனி சரிவராட்டி அடுத்தது சரிவரும். ஐபோனில் முந்தி எந்தக் கம்பனியாவது ஏற்றி விட்ட ஏபிஎன் புரொபைல் "விபிஎன் அண்ட் டிவைஸ் மனேஜ்மென்ட்" பக்கத்தில் கிடந்தால், புது சிம்மின் ஏபிஎன்னை அது மிதித்துவிடும். அழியுங்கோ. இசிம்மை மட்டும் கோபத்தில் அழிக்காதேங்கோ, பல கம்பனிகளின் கியூஆர் ஒரே ஒரு தரம்தான் ஏறும்.

கவுண்டரில் பிளாஸ்டிக் சிம் எடுக்கிறவர்கள் கவுண்டரை விட்டு நகர முந்தி வைஃபையை ஓஃப் பண்ணிவிட்டு ஒரு பக்கம் திறந்து பாருங்கோ. விமான நிலைய வைஃபையில் திறந்ததைச் சிம் என்று நம்பி டாக்ஸி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வாற ஆட்கள் கனபேர்.

கொட்டாஞ்சேனை:

சிம் தட்டு திறக்கிற ஊசி இல்லாட்டி, பின்பக்கம் மெல்லிசான தோடு ஒன்று போதும். வேறு வழியில்லாமல் கழற்றின ஊர் சிம்மை கடவுச்சீட்டின் பின் உறைக்குள் செலோடேப் போட்டு ஒட்டுங்கோ. பணப்பையின் சில்லறை அறையில் போட்டால், முதல் தேத்தண்ணிக் கடையிலேயே காசோட சேர்ந்து அது போயிடும்.